ஆடிக்கு முன் அடைக்க வேண்டிய ஓட்டைகள்

ஜூன் 12, வெள்ளி

கல்யாணமாகிப் பதினைந்து நாள். வால்பாறைக்கு வந்து பத்து நாள். மழை தொடங்கி ஏழு நாள், இன்னும் நிற்கவில்லை. கூரையில் ஒழுகும் இடங்கள் ஒன்பது. ஆடி பிறக்க இன்னும் முப்பத்தைந்து நாள்.

இதில் கடைசிக் கணக்குதான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்னால் அப்பா வந்து என்னை அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போய்விடுவார். புதுப்பெண் ஆடி மாதம் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மகராசி யாரோ, அவள் நன்றாக இருக்கட்டும். ஒரு மாதம் முழுக்க வெயில்! துவைத்த துணி அன்றே காயும். எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம். இங்கே வெயில் வந்தால் அப்படிப் பார்க்கிறார்கள்.

வீடு, நெடுங்கல் எஸ்டேட் குவார்ட்டர்ஸ். வெள்ளைக்காரன் காலத்துத் தகரக் கூரை. மச்சு கிடையாது, படுத்தால் நேராகத் தகரம்தான் தெரியும். அம்மா கொடுத்த சீர்ப் பாத்திரங்களில் சோறு பொங்கியதைவிட மழை பிடித்ததுதான் அதிகம். கட்டில் கிடந்த இடத்தில் இப்போது அண்டா கிடக்கிறது. பித்தளைக் குடம் பீரோ பக்கத்தில். எவர்சில்வர் தூக்கு சாமி படத்துக்குக் கீழே. ஒழுகல்களுக்குப் பேரும் வைத்துவிட்டேன். விடாமல் சொட்டுவது பெரியத்தை. எப்போதாவது வந்து சரியாக உச்சந்தலையில் விழுவது சித்தப்பா.

வீட்டுக்காரர் பேர் திருமேனி. தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர், தூள் தயாராவதை மேற்பார்வை பார்க்கிற வேலை. தங்கமானவர் என்றார்கள். இருக்கலாம், வாயைத் திறந்தால்தானே தெரியும்? என்னை "ஏங்க" என்கிறார். நான் அவரை "என்னங்க" என்கிறேன். பதினைந்து நாளில் இதைத் தாண்டி இரண்டு பேரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

ஜூன் 13, சனி

புத்தி கெட்டுப்போய் அண்டா, குடம், தூக்கு எல்லாம் வரிசையாக மழை பிடிப்பதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். போன் வந்தது அப்பாவிடமிருந்து. அப்பா பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவர். கூரை என்றால் விடுவாரா? ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தாயி, நல்லாக் கேட்டுக்க. ஆடிக்கு அழைக்க வரும்போது நானே பாப்பேன். ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னாலும் ஆடி முடிஞ்சு ஒன்னைய அனுப்ப மாட்டேன். கூரையச் சரி பண்ணிட்டு மாப்ளைய வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கா? உள்ளுக்குள் இனித்தது. ஒரு மாதம் இரண்டு மாதமாகலாம்!

ஜூன் 14, ஞாயிறு

எஸ்டேட் ஆபீசில் மழை முடியும்வரை புதுத் தகரம் வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் இவரே ஏணி இரவல் வாங்கி, ஆணியும் ரப்பர் வாஷரும் ஒரு பையில் கட்டிக்கொண்டு, மழைக்கோட்டோடு மேலே ஏறிவிட்டார். காலையிலிருந்து மத்தியானம்வரை டொக்கு டொக்கு. என் மண்டைக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது.

இறங்கி வந்தார். மழை பெய்தது. எண்ணினேன். ஒன்பது, பதினான்காகியிருந்தது.

பக்கத்து வீட்டு லில்லி அக்கா, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஆயா, தன் வாசலில் நின்றே கத்தினார்: "சார்! பள்ளத்துலயா ஆணி அடிச்சீங்க? தண்ணி ஓடுறதே அதுலதான! மேட்டுல அடிக்கணும் சார், மேட்டுல!"

தகரம் அலை அலையாக இருக்கிறதல்லவா, அதில் தண்ணீர் ஓடும் பள்ளமாகப் பார்த்துப் பார்த்து இந்த மனிதர் ஐந்து புது ஓட்டை போட்டிருக்கிறார். நான் சிரித்தேன் பாருங்கள், அடக்கவே முடியவில்லை, அண்டாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நிமிர்ந்தால், அவரும் சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. முன்பல் ஒன்று லேசாக எட்டிப் பார்க்கிறது. சும்மா எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

ஜூன் 18, வியாழன்

வேலை செய்யும் முறையை லில்லி அக்கா சொல்லிக் கொடுத்துவிட்டார். ரொம்ப லேசு. மழை விட்ட நேரம் பார்த்துக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட வேண்டும். உள்ளே இருட்டானதும் ஓட்டைகள் தாமாகவே வெளிச்சமாகத் தெரியும். எங்கள் கூரை, இட்லித் துணியைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது! சொட்டுவது பதினான்கு இடத்தில்தான், ஓட்டையோ நூற்றுக்கு மேல். கீழே இருப்பவர் ஸ்டூல் மேல் ஏறி, ஒவ்வொரு ஓட்டையிலும் விளக்குமாற்று ஈர்க்குச்சியை மேல்பக்கமாகச் செருக வேண்டும். மேலே இருப்பவர் குச்சி முளைத்த இடத்தைப் பார்த்து, "கண்டுக்கிட்டேன்" என்பதற்கு அதை இரண்டு இழு இழுத்துவிட்டு, தாரில் முக்கிய துணியை ஒட்டுவார்.

"ஆணி வரிசை பாத்து மிதிங்க சார்! ஆணிக்குக் கீழதான் கட்டை இருக்கும். மத்த எடத்துல மிதிச்சா நேரா அடுப்படிக்கு வந்துருவீங்க!" இதையும் லில்லி அக்காதான் சொன்னார்.

முதல் குச்சியைச் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து இழு, இழு. எனக்கு உள்ளங்கையெல்லாம் கூசிப் போய் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். யாரோ விரலைப் பிடித்து இழுத்த மாதிரி. சே, வெறும் ஈர்க்குச்சிதான்.

இன்று இருபத்திரண்டு ஓட்டை அடைத்தோம். தார் ஒட்டப் பருத்தித் துணி போதவில்லை. என் காலேஜ் துப்பட்டாவைக் கொடுத்தேன். "நல்ல துணியாச்சேங்க" என்றார். ஐயோ, இரண்டு வார்த்தை!

ஜூன் 21, ஞாயிறு

ஓட்டை வழியாக வெளிச்சம் மட்டும் வருவதில்லை. பேச்சும் வருகிறது.

இந்த மனிதர் கூரை மேல் தனியாகப் பேசுகிறார். கீழே ஊமைச்சாமி, மேலே போனால் வாய் ஓயவில்லை. நான் குச்சியைச் செருகிவிட்டுக் காதை ஓட்டைக்கு நேரே வைத்தேன்.

"இன்னைக்கு மஞ்சள் சேலை... நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லுடா திருமேனி, ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சுருவ... இந்த ஓட்டைய அடைச்சுட்டுச் சொல்லு..."

ஸ்டூல் மேல் நான் ஆடாமல் நின்றேன். கழுத்து வலித்தது, நிற்கட்டும் என்று நின்றேன். இறங்கி வந்து, முகமெல்லாம் தாரோடு, என் எதிரே நின்று, மூச்சை இழுத்து, "தண்ணி குடுங்க" என்றார்.

நாளைக்கும் மஞ்சள் சேலைதான். மற்றதெல்லாம் ஈரம்.

ஜூன் 25, வியாழன்

பெரியத்தை வாயை மூடிவிட்டாள். வீடே ஓவென்று இருக்கிறது.

ஜூலை 2, வியாழன்

பாதிக்கு மேல் அடைத்தாகிவிட்டது. ஆனால் பீரோவுக்கு மேலே நேற்று அடைத்த ஓட்டை இன்று மறுபடி ஒழுகுகிறது. நல்ல தார், நல்ல துணி, எப்படி என்றே புரியவில்லை. அவரும் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருக்குங்க, எலியா இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். இந்த ஊர் எலி என்னவெல்லாம் செய்யும் என்று எனக்கென்ன தெரியும்?

என் ஹேர்பின் ஒன்று வளைந்துபோய்த் தாராகக் கிடக்கிறது. தலைக்கு ஆகாது, தூக்கிப் போட்டுவிட்டேன்.

அடைக்க இன்னும் ஒரு மத்தியானம் ஆயிற்று. கஷ்டம்தான்.

ஜூலை 5, ஞாயிறு

மழை வந்து தகரத்தில் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவது கேட்காது. கேட்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்று டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு (இவர் போடும் டீ! அதற்காகவே இவரைக் கட்டியிருக்கலாம்) ஜன்னலைப் பார்த்தபடி நிறைய பேசினார். நானும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "நீ போயிட்டா இந்த வீட்டுல என்ன இருக்கு, தகரந்தான் இருக்கு" என்றார்.

நீ என்றார்!

மழை சட்டென்று குறைந்தது. அவர் வாயும் நின்றது. "என்னங்க, ஏதோ சொன்னீங்களா?" என்றேன். "இல்லையே, டீ சூடா இருக்காங்கன்னு கேட்டேன்" என்றார். சூடாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 9, வியாழன்

ஆடிக்கு எட்டு நாள். காலண்டரைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டேன். தாள் ஈரத்தில் நைந்துவிடக் கூடாதல்லவா.

ஜூலை 14, செவ்வாய்

நேற்று மத்தியானத்தோடு கடைசி ஓட்டையும் அடைபட்டது. இன்று வானம் உடைந்த மாதிரி மழை. அவர் ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்தார். அண்டா, குடம், தூக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வீட்டின் நட்ட நடுவில் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து மேலே பார்த்தோம். ஐந்து நிமிஷம், பத்து, அரை மணி. ஒரு சொட்டு இல்லை!

நான் கை தட்டினேன். அவர் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே விட்டார், அந்த ஊமைச்சாமி! "செண்பகம், ஒழுகல! ஒழுகவே இல்ல செண்பகம்!" என் பேர் இவ்வளவு அழகானது என்று அருப்புக்கோட்டையில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நாளை அப்பா வருகிற ஞாபகம் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இதற்குமேல் மறைத்து எழுத என்ன இருக்கிறது, எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஒரு மாதம், முப்பது நாள், அந்தப் பாழாய்ப்போன வெயிலில் என்ன செய்யப் போகிறேன்?

ஜூலை 15, புதன்

சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். பை நிறைய கருப்பட்டி மிட்டாய், சேவு. கையில் குடை, கழுத்தில் மஃப்ளர். வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்தார். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டைச் சுற்றி வந்தார், அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பரவால்லயே, மாப்ள அடைச்சுட்டாரே! சரி தாயி, சாமான எடுத்து வை. நாளைக்குக் காலம்பற பஸ்ஸு" என்றார். பிறகு அவரே, "இருந்தாலும் உள்ள இருந்து பாத்தா போதாது. மேல ஒரு பார்வை பாத்துருவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வேண்டாம்ப்பா, அவர் வரட்டும் என்றேன். "நாப்பது வருசம் ஏறாத கூரையா?" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

ஆணி வரிசையில் மிதிக்க வேண்டும், அதுவும் அடுப்படிக்கு மேலே இருக்கும் தகரம் புகையில் அரித்துப் போனது, மழையைத் தாங்கும், ஆளைத் தாங்காது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ரசம் பொங்கிவிட்டது. அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். தலைக்கு மேலே தடக்கென்று ஒரு சத்தம். அண்ணாந்தால், கூரையிலிருந்து ஒரு கால் தொங்குகிறது. இடது கால். செருப்பு நழுவி நேராக ரசத்தில் விழுந்தது.

"ஐயோ அப்பா!" என்று நான் கத்த, மேலிருந்து, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல, காலு மட்டுந்தான்!" என்று அப்பா கத்த, லில்லி அக்கா ஓடி வந்து, "சொன்னேன்ல, அடுப்படிக்குத்தான் வருவீங்கன்னு!" என்று எந்தப் பாவமும் அறியாத என் அப்பாவைத் திட்ட, யாரோ ஓடிப்போய் அவரை ஃபேக்டரியிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் மேலே போய் அப்பாவை அக்குளில் பிடித்துத் தூக்க, நான் கீழே ஸ்டூல் மேல் நின்று காலைத் தள்ளினேன். முப்பது நாள் பழக்கம், சேர்ந்து வேலை செய்ய எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

டிஸ்பென்சரி டாக்டரம்மா ஊசி போட்டார். சிராய்ப்பு ஒன்றும் பெரிதில்லை, கணுக்கால்தான் பிசகியிருக்கிறதாம். பத்து நாளைக்குக் கால் ஊன்றக் கூடாது. நாற்பது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் போகிற பேச்சே கூடாது.

அப்பா பாவம். ரொம்பப் பாவம். நான் இதை எழுதும்போது பாடிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 17, வெள்ளி. ஆடி 1

அம்மா போனில் கொடுத்த தீர்ப்பு: ஆடியில் பெண் பெற்றவர்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதானே. பெற்றவர் அங்கே கிடக்கிறார், பெண்ணும் அங்கேயே இருக்கட்டும். ஆனால் மாப்பிள்ளை ஃபேக்டரி ரெஸ்ட் ரூமில்தான் படுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வரலாம்.

அவர் இன்று ஐந்து வேளை சாப்பிட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

அன்று ரசம் பொங்கவில்லை.

ஜூலை 22, புதன்

அப்பா போட்ட ஓட்டைக்கு ஒட்டுத் துணி எல்லாம் பத்தாது. எஸ்டேட் ஆபீசில் அப்பாவின் காலைப் போட்டோவில் காட்டியதும் ஒரு புதுத் தகரம் உடனே வந்துவிட்டது! மத்தியானம் மழை விட்டதும் அவர் மேலே, நான் கீழே. நடுவில் அப்பா நாற்காலியில், காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு ஓவர்சியர் உத்தியோகம். "மாப்ள, லெவலு பாருங்க. தாயி, நீ ஏன் சும்மா சும்மா மேல பாத்துச் சிரிக்கிற, வேலையப் பாரு."

அவர் ஆணி எடுக்கப் போன நேரத்தில் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஆணி வரிசையிலதான் மிதிக்கணும்னு தெனம் நீதான் கீழ இருந்து கத்துவியாமே? மாப்ள சொன்னாரு."

"ரசம்ப்பா..." என்றேன். அதற்குமேல் பொய் வரவில்லை. அழுதேன். "மன்னிச்சிருப்பா. நீ விழுவேன்னு நெனைக்கல. கூட்டிட்டுப் போயிருவியேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், அதுல வாயே வரல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து, "மாப்ள, அந்தப் பக்கம் ஒரு ஆணி கூடப் போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 24, வெள்ளி

காலையில் சமையலறையில் சேவு டப்பா சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா, மேல் ஷெல்ஃபை எட்டி, இரண்டு காலிலும் நுனி விரலில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் "ஸ்ஸ்... யம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்தேன், எடுத்தேன், போய்விட்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

பத்து நாள் கெடு முடிந்தது. அம்மா வீடியோ காலில் வந்துவிட்டாள். வால்பாறையில் என்றைக்கும் கிடைக்காத சிக்னல் இன்றைக்கென்று கண்ணாடி மாதிரி கிடைத்தது.

"எந்திரிச்சு நடந்து காட்டுங்க. நல்லா இருந்தா நாளைக்கே ரெண்டு பேரும் கெளம்பி வாங்க."

போன் என் கையில். அவர் வாசல்படியில் டீ தம்ளரோடு அப்படியே நிற்கிறார், ஆவி போய்க்கொண்டிருக்கிறது. அப்பா முக்கி முனகி எழுந்தார். சுவரைப் பிடித்தார். "யப்பா... யம்மா..." என்று நொண்டி நொண்டி நடந்தார். அருமையாக நொண்டினார். வலது காலில்.

போனைச் சட்டென்று உயர்த்தி அப்பா முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு, இன்னொரு கையால் என் இடது தொடையைத் தட்டினேன். "இடதுப்பா, இடது" என்று வாயை மட்டும் அசைத்தேன். அப்பா முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கி, இடது காலுக்கு மாறிக்கொண்டார்.

"அதென்ன, இப்ப நொண்டுறது வேற மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா.

"வலி எடம் மாறுது புள்ள" என்றார் அப்பா.

"செண்பகம், போனை உன் மூஞ்சிக்குத் திருப்பு" என்றாள் அம்மா.

திருப்பினேன். சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தேன், கண்ணிலோ தண்ணீர் நிற்கிறது. போகவில்லை அம்மா, போகவில்லை என்று மனசுக்குள் கத்திக்கொண்டே அவளைப் பார்த்தேன். அம்மாவும் அங்கிருந்து, மூக்கு திரையில் முட்டும்படி, என்னைப் பார்த்தாள்.

"நாப்பது வளைவுல அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி வருவாரு? ஆடி முடியட்டும், மெதுவா வாங்க" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, வாசல் பக்கம் கேட்கும்படி, "மாப்ள ஃபேக்டரியிலதான் படுக்கணும், ஆமா!" என்று போனை வைத்துவிட்டாள்.